தலைமை ஆசிரியர் இல்லாத பள்ளியில் முடிவெடுப்பது யார்?

நெக்கார்க்கரை (இழையைத் தொடங்கியவர்)
மார்ச் 3, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். மகள் ஒரு வால்டோர்ஃப் பள்ளியில் (ருடால்ஃப் ஸ்டைனர் என்ற தத்துவவாதியின் கல்வி முறையில் நடப்பது) நான்காம் வகுப்பு. எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை, இந்த ஊரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. சேர்க்கும்போதே சொன்னார்கள்: இங்கே தலைமை ஆசிரியர் என்று யாரும் கிடையாது, ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்துதான் பள்ளியை நடத்துகிறோம். கேட்க அழகாக இருந்தது. ஈரோட்டில் நான் படித்த பள்ளியில் எச்.எம். வராண்டாவில் வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். அந்தப் பயம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

இப்போது பிரச்சினை வகுப்பாசிரியர். வால்டோர்ஃபில் ஒரே ஆசிரியர் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளோடு கூடவே வருவார். நல்லவர் அமைந்தால் அதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை. எங்களுக்கு வாய்த்தவர் முதல் மூன்று வருடம் அருமையாக இருந்தார். இந்த வருடம் என்னவோ ஆகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை, வந்தாலும் எரிந்து விழுகிறார். நான்காம் வகுப்பில் பின்னம் தொடங்க வேண்டும், பிப்ரவரி முடிந்தும் தொடங்கவில்லை.

அக்டோபரில் ஒன்பது பெற்றோர் சேர்ந்து கடிதம் எழுதினோம். யாரிடம் கொடுப்பது என்பதிலேயே ஒரு வாரம் போனது. அலுவலக மேலாளர், "நான் ஒப்பந்தமும் சம்பளமும் பார்க்கிறவன், வகுப்புக்குள் நடப்பது ஆசிரியர் அவையின் விஷயம்" என்றார். ஆசிரியர் அவையிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: பேசிக்கொண்டிருக்கிறோம், இது உள் விவகாரம். நிர்வாகக் குழுவிடம் போனால், கற்பித்தலில் நாங்கள் தலையிடுவதில்லை என்கிறார்கள். மூன்று கதவைத் தட்டினோம், மூன்றும் அடுத்த கதவைக் காட்டின.

கூத்து இனிமேல்தான். நவம்பரில் பள்ளிச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் என்னையே நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இரண்டு இடம் காலி, நின்றது இரண்டே பேர். ஆக, நான்கு மாதமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் யார் முடிவெடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள், குழுவில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது இந்த முறையின் கோளாறா, எங்கள் பள்ளியின் கோளாறா?


பழைய கரும்பலகை
மார்ச் 4, காலை 7.15

வணக்கம். நான் வேறொரு வால்டோர்ஃப் பள்ளியில் 11 வருடம் கைவேலையும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தவள். உங்கள் பதிவைப் படித்ததும் பழைய வியாழக்கிழமைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆசிரியர் கூட்டம் பெரும்பாலான வால்டோர்ஃப் பள்ளிகளில் வியாழன் மாலைதான். எங்களுக்கு நான்கு மணிக்கு ஆரம்பிக்கும், எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

கதை உங்கள் ஊரிலேயே தொடங்கியது. 1919இல் ஷ்டுட்கார்ட்டில் வால்டோர்ஃப்-அஸ்டோரியா என்ற சிகரெட் தொழிற்சாலை. (ஆமாம், குழந்தைகளுக்குக் கம்பளியும் தேன்மெழுகும் கொடுக்கும் பள்ளிக்குப் பெயர் சிகரெட்டிலிருந்துதான் வந்தது.) அதை நடத்திய எமில் மோல்ட், தன் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டார். அந்த வருடம் செப்டம்பர் 7ஆம் தேதி, ஊலாண்ட்ஸ்ஹோயே குன்றில் முன்பு உணவகமாக இருந்த கட்டடத்தில் பள்ளி திறந்தது. 256 பிள்ளைகள், 12 ஆசிரியர்கள்.

அதற்கு முன் இரண்டு வாரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பயிற்சி தொடங்குவதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 20 மாலை, ஸ்டைனர் அவர்களிடம் சொன்னதன் சாரம் இது: இந்தப் பள்ளி அதிகாரிகளின் ஆட்சியாக இருக்காது, ஆசிரியர்களின் குடியரசாக இருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வரும், அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம் என்று யாரும் எண்ணக் கூடாது, ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பையும் சுமக்க வேண்டும். இந்தப் பேச்சு எல்லா வால்டோர்ஃப் பள்ளியின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாமல் மாட்டியிருக்கும்.

ஆனால் விழாக்களில் இதைச் சொல்கிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. அந்தக் குடியரசில் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டைனர், போகச் சொன்னவரும் அவரே. 1919 முதல் 1924 வரை ஏறக்குறைய 70 கூட்டங்களில் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, எந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் போடுவது என்பது வரை பேசியிருக்கிறார். பணம் போட்ட மோல்ட்டும் கூட்டங்களில் இருந்தார். 1923இல் நிர்வாக வேலையைச் சில ஆசிரியர்கள் முறை வைத்துப் பார்ப்பது என்று ஆக்கினார்கள். 1925 மார்ச்சில் ஸ்டைனர் இறந்தார். தலைவர் இல்லாத பள்ளி என்பதற்கு உண்மையான சோதனை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. உங்கள் பள்ளியில் நடப்பது அந்தச் சோதனையின் நூறாவது வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது வேலைக்கு ஓட வேண்டும்.


நெல்லை எச்.எம்.
மார்ச் 4, பகல் 1.30

அம்மா, 34 வருடம் ஆசிரியர், அதில் கடைசி 9 வருடம் தலைமை ஆசிரியர், அரசு உதவி பெறும் பள்ளியில். ஆளுக்கு ஆள் நாட்டாண்மை என்றால் நீங்கள் எழுதியிருப்பதுதான் நடக்கும். இதற்கு ஜெர்மனி வரை போக வேண்டாம்.

நம் ஊரிலும் காகிதத்தில் பகிர்ந்த நிர்வாகம் உண்டு. 1973ஆம் வருடத்துத் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பள்ளிக்குழு என்று ஒன்று இருந்தது. ஆசிரியரை நியமிப்பது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது எல்லாம் அதன் வேலை. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளையும் பாருங்கள்: நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேல் கூடாது, அந்தப் பள்ளியின் ஆசிரியர் இருவர், பெற்றோர் இருவர் இருக்க வேண்டும், முதல்வர்தான் உறுப்பினர்-செயலர். எழுதியிருப்பதில் குறை ஒன்றும் இல்லை.

நடப்பு என்ன? நான் இருந்த இடத்தில் தாளாளர் வீட்டு வரவேற்பறையில் தீர்மானம் தயாராகும். மறுநாள் பியூன் குறிப்பேட்டை வகுப்புக்கே கொண்டுவந்து நீட்டுவார். வலது கையில் சாக்பீஸ், அதை இடது கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போடுவோம். எதற்குப் போட்டோம் என்று நான் படித்தது நான்கைந்து முறை இருக்கும். அதனால் "ஆசிரியர்களின் குடியரசு" என்பதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வகுப்பாசிரியரின் வகுப்பில் பின்னால் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர் யார்? அது தெரிந்தால் மீதி தெரிந்துவிடும்.


வடமராட்சியான்
மார்ச் 4, இரவு 9.05

நான் எழுதலாமா என்று யோசித்தேன், ஏனென்றால் நான் நீங்கள் திட்டும் அந்த அலுவலகப் பக்கம். ஜெர்மனியில் வேறொரு மாநிலத்தில், இதே மாதிரி ஒரு பாடசாலையின் கணக்கு வழக்கு பார்க்கிறேன். எங்கள் ஊரில் அதிபர் என்று ஒருவர் இருப்பார், அவரோடு கதைத்தால் காரியம் முடிந்தது. இங்கே வந்து இந்த முறையை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

சட்டத்தை மட்டும் பார்த்தால் விஷயம் சிம்பிள். பாடசாலையின் சொந்தக்காரர் ஒரு பதிவு செய்த சங்கம். பெற்றோரும் ஆசிரியரும் அதன் உறுப்பினர். பொதுக்கூட்டம் நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி சங்கத்தின் பெயரில் வெளியே பேசவும் கையெழுத்து வைக்கவும் உரிமை அந்தக் குழுவுக்குத்தான். வங்கிக் கடன், ஆசிரியரின் ஒப்பந்தம், வேலைநீக்கக் கடிதம் எல்லாம் அவர்கள் கையெழுத்து. அக்கா, இப்போது உங்களுடைய கையெழுத்து.

ஆனால் பாடசாலையின் வழக்கத்திலோ, ஒரு ஆசிரியர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது ஆசிரியர் அவை. ஒரு ஆளைப் பற்றித் தீர்மானிப்பவர் ஒருவர், அதற்குச் சட்டத்தில் பதில் சொல்பவர் இன்னொருவர். இந்த இடைவெளிக்குள்தான் உங்கள் கடிதம் விழுந்து கிடக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு மாதம் தாண்டிய ஒருவரைக் காரணம் இல்லாமல் இங்கே நிறுத்த முடியாது. ஊழியர் மன்றம் (ஊழியர்கள் தெரிவு செய்யும் பிரதிநிதிகள் குழு) இருந்தால், அதைக் கேட்காமல் கொடுத்த நீக்கம் செல்லாது. சுகவீனமாக இருக்கும் ஆள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அலுவலகத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் பெற்றோரிடம் வாய் திறந்து சொல்ல முடியாது. "என் விஷயம் இல்லை" என்று அந்த மேலாளர் சொன்னதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

காசு பற்றியும் ஒரு சொல். அரசு மானியம் முழுச் செலவையும் மூடாது. மீதியைப் பெற்றோர் பங்களிப்பில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அரசியலமைப்பின் 7ஆம் பிரிவு, பெற்றோரின் வசதியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்கிறது. அதனால் பல இடங்களில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். ஆசிரியர் அவை ஒரு வியாழக்கிழமை "புதிதாக ஒரு இசை ஆசிரியர் வேண்டும்" என்று மனதார முடிவு செய்யும். வெள்ளி காலை அந்தச் செய்தி என் மேசைக்கு வரும். பணம் எங்கே என்று நான் கேட்டால் நான் கலைக்கு எதிரி.


நெக்கார்க்கரை
மார்ச் 4, இரவு 11.20

வடமராட்சியான் அண்ணா, உங்களைத் திட்டவில்லை! உண்மையில் இது எனக்குப் புதுச் செய்தி. 26ஆம் பிரிவு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பொறுப்பேற்றபோது சாவிக்கொத்தும் காபி மெஷின் எப்படி இயக்குவது என்பதும்தான் சொன்னார்கள். ஏதாவது தப்பாகப் போனால் என் வீட்டை எழுதி வாங்கிவிடுவார்களா? (பாதி விளையாட்டாகத்தான் கேட்கிறேன்.)

எச்.எம். ஐயா, உங்கள் கேள்வியை இன்றே பள்ளியில் கேட்டேன். வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஒருவர் போவதாக டிசம்பரில் பேச்சு இருந்ததாம், அவருக்கும் காய்ச்சல் வந்துவிட்டதாம்.


வடமராட்சியான்
மார்ச் 5, காலை 6.40

வீடு போகாது அக்கா. சம்பளமில்லாமல் சேவையாகச் செய்யும் குழு உறுப்பினர் வேண்டுமென்றே செய்த தவறுக்கும் படு அலட்சியத்துக்கும்தான் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஊழியரின் சமூகக் காப்புறுதித் தொகையைக் கட்டாமல் விட்டால் கதை வேறு, அதை மாதா மாதம் கேட்டுப் பாருங்கள்.


பாஸ்டன் மாமா
மார்ச் 5, இரவு 8.50

நான் அமெரிக்காவில் ஒரு தனியார் பள்ளியின் அறங்காவலர் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். அது வால்டோர்ஃப் இல்லை, சாதாரணத் தனியார் பள்ளி. அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: குழுவுக்கு ஊழியர் ஒரே ஒருவர்தான், அவர் பள்ளித் தலைவர். அவரை வேலைக்கு எடுப்பது, வருடத்துக்கு ஒருமுறை எடை போடுவது, தேவைப்பட்டால் அனுப்புவது. அதற்கு மேல் பணத்தையும் பள்ளியின் நோக்கத்தையும் பார்த்துக்கொள். கணக்கு வாத்தியார் சரியில்லை என்று உன் நண்பன் பார்க்கிங்கில் பிடித்துக்கொண்டு புலம்பினால், கேட்டுக்கொள், தலைவரிடம் போகச் சொல், வீட்டுக்குப் போ.

வால்டோர்ஃபில் அந்த ஒற்றை ஊழியரும் இல்லை. அப்படியானால் குழு யாரை எடை போடும்? முப்பது ஆசிரியர்களையுமா? இதனால்தான் இங்கே பல வால்டோர்ஃப் பள்ளிகள் குழு, ஆசிரியர் கல்லூரி, நிர்வாகம் என்று மூன்று கால் வைத்து, மூன்றிலிருந்தும் ஆள் எடுத்து ஒரு தலைமைக் குழுவும் வைத்துக்கொள்கின்றன. ஆசிரியர் கல்லூரி என்றால் கட்டடம் இல்லை, நீண்ட நாள் இருப்பதாக உறுதி கொடுத்த ஆசிரியர்களின் வட்டம். புதிதாக வந்தவருக்கு அதில் இடம் இருக்காது. எல்லாரும் சமம் என்ற பள்ளியில் உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று. என் மைத்துனி அப்படி ஒரு பள்ளியில் நான்கு வருடம் வெளிவட்டத்தில் இருந்தாள். முடிவுகள் அவளுக்கு வரும், காரணம் வராது.

இங்கே ஒரு வேடிக்கையான தீர்ப்பும் உண்டு. 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொன்னது: பாடத்திட்டம், சேர்க்கை, நியமனம் எல்லாவற்றிலும் பேராசிரியர்களின் சொல் செல்லுகிறது என்றால் அவர்களே நிர்வாகிகள், ஆகவே தொழிற்சங்கம் அமைத்துப் பேரம் பேசும் சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அது பல்கலைக்கழக விஷயம்தான். ஆனாலும் ஆட்சியில் பங்கு கேட்கிற ஆசிரியர்கள் ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது. முதலாளி நாற்காலியில் பாதி உட்கார்ந்தால் தொழிலாளி நாற்காலியில் பாதி போய்விடும்.

இன்னொரு கோடியும் சொல்கிறேன். ஃப்ரேமிங்ஹாமில் சட்பரி வேலி என்று ஒரு பள்ளி, 1968இலிருந்து இருக்கிறது. வாராந்தரப் பள்ளிக் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, ஊழியருக்கும் ஒரு வாக்கு. ஊழியர்கள் ஒவ்வொரு வருடமும் ரகசிய வாக்கெடுப்பில் மறுபடி தேர்வாக வேண்டும், அதிலும் பிள்ளைகள் வாக்குப் போடுவார்கள். நெக்கார்க்கரை, உங்கள் வகுப்பாசிரியர் பிரச்சினை அங்கே ஒரு வருடத்துக்குமேல் இழுக்காது. ஆனால் என் பிள்ளையை அங்கே அனுப்பினேனா என்று கேட்காதீர்கள்.


சும்மா வந்தேன்
மார்ச் 5, இரவு 9.14

ஆறு வயதுக் குழந்தை வாக்குப் போட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பேரின் வேலை இன்றே போய்விடும்.


பழைய கரும்பலகை
மார்ச் 6, இரவு 10.10

சொன்னபடி கூட்டங்களைப் பற்றி.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியில் எல்லாவற்றுக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வாக்கெடுப்பு கேவலம் என்ற எண்ணம். மிதிவண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூரை போடுவதா என்று மூன்று வியாழன் பேசினோம். நான் மிகைப்படுத்தவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் கடைசியில் யார் சொல்வது நடக்கும் தெரியுமா? இரவு ஒன்பதரைக்கும் களைக்காதவர் சொல்வது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் ஆசிரியை ஏழரைக்கே போய்விடுவாள். எங்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் இல்லை, ஆனால் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தால் விவாதம் முடிந்தது என்று பொருள். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் அவரை யாராலும் நீக்கவும் முடியாது. எச்.எம். ஐயா, உங்கள் தாளாளராவது தன் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்.

எங்களுக்கு விடிவு வந்தது பொறுப்பொப்படைப்பு என்ற முறையில். பழைய ஷ்டுட்கார்ட் பள்ளி ஆசிரியர் எர்ன்ஸ்ட் லேர்ஸ் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார்: ஸ்டைனர் கேட்டது குடியரசு, ஜனநாயகம் இல்லை. அதாவது, எல்லாரும் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அல்ல. எல்லாரும் சேர்ந்து ஒருவரிடமோ மூவரிடமோ ஒரு வேலையைக் கொடுப்பது, கொடுத்த பிறகு அவர்கள் தங்கள் பொறுப்பில் முடிவெடுக்க விடுவது. முதல் பாதியை எல்லாரும் உடனே ஒத்துக்கொள்வார்கள். இரண்டாம் பாதியில்தான் கை நடுங்கும்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு தாள் எழுதினோம். வேலை என்ன, யாரிடம், எந்தத் தேதி வரை, எவ்வளவு பணம் வரை கேட்காமல் செலவு செய்யலாம், முடிவெடுக்கும் முன் யாரையெல்லாம் கேட்டே ஆக வேண்டும், எப்போது வந்து கணக்குச் சொல்ல வேண்டும். கணக்குச் சொன்ன பிறகு அவையே அவர்களை அந்த வேலையிலிருந்து முறைப்படி விடுவிக்கும். இந்த விடுவிப்பைப் பல பள்ளிகள் மறந்துவிடும். அப்போதுதான் மூன்று மாதத்துக்கு என்று போட்ட குழு பதினோரு வருடம் உயிரோடு இருக்கும்.

முதல் வருடம் கஷ்டப்பட்டோம். அட்டவணைப் பொறுப்பை இருவரிடம் கொடுத்தோம், அவர்கள் என் கைவேலை வகுப்பைக் கடைசிப் பாடவேளைக்குத் தள்ளினார்கள். நான்தான் முதலில் எழுந்து "இதை அவையில் மறுபடி பேசலாமே" என்றேன். தலைமை தாங்கியவள் தாளை எடுத்துக் காட்டினாள்: ஜூலை வரை அவர்கள் முடிவு, கேட்க வேண்டியவர்களில் உன் பெயரும் இருந்தது, கேட்டார்கள், நீ பதில் எழுதவில்லை. உட்கார்ந்தேன். எனக்கு அன்றைக்குத்தான் அந்த முறை புரிந்தது.

ஒருமனம் என்ற நோய்க்கு இன்னொரு மருந்து ஹாலந்தில் பிறந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கேஸ் பூக்கே 1926இல் பில்தோவனில் ஒரு பள்ளி தொடங்கினார். பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, வாக்கில்லாமல் முடிவுக்கு வருவார்கள். போருக்குப் பிறகு இளவரசி பேயாட்ரிக்ஸ்கூட அங்கே படித்தார், பின்னாளில் ராணியானவர். அந்தப் பள்ளியின் இன்னொரு மாணவர் கெரார்ட் எண்டன்பர்க், பிறகு தன் குடும்பத்தின் மின்பொறியியல் கம்பெனியில் இதை ஒரு முறையாக்கினார். அதில் கேட்கும் கேள்வி "இது உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்பது அல்ல. "இதோடு உன்னால் வேலை செய்ய முடியாதபடி காரணத்தோடு ஏதாவது தடை இருக்கிறதா?" என்பதுதான். பிடிக்கவில்லை என்பது தடை ஆகாது. கேள்வியை இப்படி மாற்றியிருந்தால் எங்கள் மிதிவண்டிக் கூரை இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும்.


லீட்ஸ் வாசி
மார்ச் 7, மாலை 5.30

எல்லாம் சரி, ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று வரும்போது இந்த அழகெல்லாம் உதவாது. இங்கிலாந்தில் 2018, 2019இல் கல்வி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் ஸ்டைனர் பள்ளிகளை (வால்டோர்ஃப் பள்ளிகளுக்கு இங்கே அந்தப் பெயர்) வரிசையாகச் சோதித்தது. பல பள்ளிகளில் நிர்வாகமும் குழந்தைப் பாதுகாப்பும் போதாது என்று அறிக்கை வந்தது. 2019 தொடக்கத்தில் அதன் தலைவர் அமாண்டா ஸ்பீல்மன் கல்வி அமைச்சருக்கே கடிதம் எழுதினார். அரசுப் பணத்தில் நடந்த பிரிஸ்டல், எக்ஸிடர், ஃப்ரூம் ஸ்டைனர் அகாடமிகள் மூன்றும் அவந்தி என்ற அறக்கட்டளையின் கைக்கு மாறின. அது இந்து சமயப் பள்ளிகள் நடத்துவதில் பெயர் பெற்றது. ஷ்டுட்கார்ட் எங்கே, பிருந்தாவனம் எங்கே! சரி, அது கிடக்கட்டும்.

ஒரு புகார் வந்தால் யார் பெயரில் பதிவாகிறது, எத்தனை நாளில் பதில், பதில் வராவிட்டால் அடுத்து யார்? இதைக் கூட்டுப் பொறுப்பு என்று விட முடியாது. ஒரு ஆள், ஒரு தொலைபேசி எண். நெக்கார்க்கரை, உங்கள் ஆசிரியர் எரிந்து விழுகிறார் என்றீர்கள். எந்த அளவுக்கு? அதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கை நீட்டுகிறார் என்றால் இந்த இழையை மூடிவிட்டு நேரே அரசுப் பள்ளிக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போங்கள்.


நெக்கார்க்கரை
மார்ச் 7, இரவு 10.00

இல்லை, அப்படி எதுவும் இல்லை. குரல் உயர்த்துவது, ஒரு பையனை அடிக்கடி வெளியே நிறுத்துவது. அந்தப் பையனின் அம்மாவிடமும் மறுபடி பேசினேன். ஆனால் நீங்கள் கேட்டது சரிதான், எங்கள் கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதவே இல்லை. "சூழல் சரியில்லை" என்று எழுதியிருக்கிறோம். படிக்கிறவருக்கு என்ன புரியும்?


நெல்லை எச்.எம்.
மார்ச் 8, காலை 9.45

கரும்பலகை டீச்சர், அந்தத் தாள் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். சக ஆசிரியரைப் பற்றி முடிவெடுக்கச் சக ஆசிரியர்கள் மூவரிடம் கொடுத்தால், நாளைக்கு அதே ஸ்டாஃப் ரூமில் சேர்ந்து டீ குடிக்க வேண்டுமே? தலைமை ஆசிரியராக நான் ஒரே ஒருமுறை ஒருவர்மீது அறிக்கை எழுதினேன். எட்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. அந்தக் கசப்பு என் சம்பளத்தில் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். குடியரசில் அந்தக் கசப்பை யார் குடிப்பது?


பழைய கரும்பலகை
மார்ச் 8, பகல் 12.20

ஐயா, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் பள்ளியில் ஆள் சம்பந்தப்பட்ட பொறுப்புக்கு இரண்டு ஆசிரியரோடு வெளியிலிருந்து ஒருவரையும் சேர்த்தார்கள், வேறொரு பள்ளியில் ஓய்வு பெற்றவர். வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதை அவர்தான் செய்வார், கடினமான வாக்கியங்களை அவர்தான் சொல்வார். அப்படியும் ஒரு தோழியை நான் இழந்தேன்.


நெக்கார்க்கரை
ஏப்ரல் 11, இரவு 9.30

ஒரு மாதம் காணாமல் போனதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கடிதத்தை மாற்றி எழுதினோம். தேதி, பாடம், எத்தனை நாள் வகுப்பு நடக்கவில்லை, வெளியே நிறுத்தியது எப்போது. உணர்ச்சி எதுவும் இல்லாமல் ஒன்றரைப் பக்கம். அப்புறம் குழுவின் கூட்டத்தில், ஆசிரியர் அவைப் பிரதிநிதிகளும் மேலாளரும் இருக்கும்போது, 26ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டேன்: கையெழுத்து எங்களுடையது என்றால், கையெழுத்துக்கு முன் நடக்கிற ஒன்றையும் நாங்கள் கேட்கக் கூடாதா? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேலாளர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, வடமராட்சியான் அண்ணா, அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழன் என்னை ஆசிரியர் அவைக்கு அழைத்தார்கள். கரும்பலகை டீச்சரின் தாளை ஜெர்மனில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மூத்த ஆசிரியை ஒருவர், நம்பிக்கை இருக்கிற இடத்தில் தாள் எதற்கு என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஒரு இளம் உடற்பயிற்சி ஆசிரியர்தான் சொன்னார், நான் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இந்த அவையில் எந்த விஷயம் யாரிடம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது என்று. அது பேசிவிட்டது.

ஒரு தாள் எழுதினார்கள், ஒன்றே ஒன்று. இரண்டு ஆசிரியர், வெளியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஜூலை 31 வரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு எழுத்தில் தகவல். பணம் தேவைப்பட்டால் மேலாளரை முன்கூட்டிக் கேட்க வேண்டும். என்னையோ வேறு பெற்றோரையோ அந்த மூவரில் சேர்க்க அவை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதில் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், என் மகளின் ஆசிரியரைப் பற்றிய முடிவில் நான் உட்காருவது எனக்கே சரியாகப் படவில்லை. அந்த விஷயம் குழுவுக்கு வரும்போதும் நான் வெளியே போய் உட்காருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வெளி ஆள் மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்தார். ஆசிரியர் இப்போது விடுப்பில் இருக்கிறார், உடல்நிலை என்று மட்டும் சொன்னார்கள், அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. திரும்பி வருவாரா என்று தெரியவில்லை. மூன்று வருடம் எங்களுக்கு அவ்வளவு நன்றாக இருந்தவர் என்பதும் மனதில் உறுத்துகிறது.


நெல்லை எச்.எம்.
ஏப்ரல் 12, காலை 8.10

ஜூலை 31க்கு அப்புறம்?


நெக்கார்க்கரை
ஏப்ரல் 12, மாலை 6.55

அதற்கு முந்தின வியாழன் மூவரும் அவையில் கணக்குச் சொல்ல வேண்டும், குழுவும் அங்கே இருக்கும். தாளில் இருக்கிறது ஐயா. நடந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.

வகுப்பை இப்போது இரண்டு பேர் பகிர்ந்து எடுக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பின்னம் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெரிய ரொட்டியை முதலில் பாதி, அப்புறம் கால், அப்புறம் அரைக்கால் என்று வெட்டிக்கொண்டே போனார்களாம். மகள் வீட்டுக்கு வந்து தோசையை எட்டாக வெட்டித் தரச் சொல்கிறாள்.